சாமி இருக்காகளா?

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் எங்கள் கத்தோலிக்கக் கோவிலின் பங்கு அலுவலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். தேவகோட்டைப் பக்கம் உள்ள பங்கு. சம்பளம் கிடையாது. ஒரு மேசை, ஒரு இரும்பு பீரோ, பீரோவுக்குள் ஞானஸ்நான ஏடுகள், தலைக்கு மேலே கரகரவென்று சுற்றும் ஃபேன், அவ்வளவுதான். வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பது, "சாமி இருக்காகளா?" காலை ஆறு மணிக்கும் கேட்பார்கள், மத்தியானம் இரண்டு மணிக்கும் கேட்பார்கள், ராத்திரி பத்து மணிக்குப் போன் போட்டும் கேட்பார்கள். இந்த மேசையில் இருந்தபடி கோவில் பொறுப்பில் இருக்கும் குருக்களான பங்குத்தந்தையர் மூன்று பேரைப் பார்த்துவிட்டேன். சாமியார் வாழ்க்கை பற்றி ஊரில் பேசிக்கொள்வதும் இங்கே நான் பார்ப்பதும் ரொம்பவே வேறு. அதை எழுதி வைத்தால், பங்குத்தந்தையிடம் ஏதாவது வேலையாகப் போகிறவர்களுக்குப் பயன்படலாம்.

செட்டிநாடு என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஆத்தங்குடிக் கல்லும் பர்மாத் தேக்குத் தூணும் நகரத்தார் வீட்டு முகப்பும்தான் ஞாபகம் வரும். கத்தோலிக்கர்கள் பெரும்பாலும் அந்தத் தெருக்களில் இல்லை. கொத்தனார், வாத்தியார், புதுவயல் அரிசி ஆலையில் வேலை பார்க்கிறவர், வானம் பார்த்த பூமியில் ஒரு போகம் நெல் போடுகிறவர், சிங்கப்பூரில் இருக்கும் மகன் அனுப்புவதில் காலம் தள்ளும் அம்மா என்று இப்படிப்பட்டவர்கள்தான் எங்கள் பங்கு. சிவகங்கை மறைமாவட்டம் 1987-ல் மதுரையிலிருந்து பிரிந்தது. அதற்கு ரொம்ப முன்பே இயேசு சபைக் குருக்கள் சுற்றிய மண் இது. அந்தச் சபையின் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) தலை வெட்டப்பட்ட ஓரியூர் இங்கிருந்து தூரமில்லை. அது நடந்தது 1693-ல். சருகணியில் 1973-ல் இறந்த பிரெஞ்சுக் குரு லெவே அடிகளாரின் கல்லறையில் இன்றும் ஆட்கள் முழங்காலில் இருப்பதைப் பார்க்கலாம். இப்படிப்பட்டவர்களோடு ஒப்பிட்டுத்தான் எங்கள் ஊர்ப் பெரிசுகள் இன்றைய இளம் குருவை எடை போடுவார்கள். "அந்தக் காலத்துச் சாமியாரு நடந்தே வருவாக" என்பார்கள். நடந்து வந்தவருக்கு ஆடிட்டர் கணக்கும் கல்வி அலுவலகக் கடிதமும் வாட்ஸ்அப் குழுவும் இல்லை என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

காலை நாலரைக்கெல்லாம் சாமியார் வீட்டில் விளக்கு எரியும். குருக்கள் தினமும் சொல்ல வேண்டிய கட்டளைச் செபம் முடித்து, கோவில் வேலை பார்க்கும் கோவில்பிள்ளை மணி அடிக்கும்போது பாவசங்கீர்த்தனத் தொட்டியில் போய் உட்கார்ந்திருப்பார். வார நாளில் பூசைக்கு வருவது பாட்டிமார்களும் மடத்து சிஸ்டர்களும் பரீட்சை நேரத்துப் பிள்ளைகளும்தான். ஐந்து நிமிடப் பிரசங்கத்துக்கு நான் பார்த்த மூவரில் இளைய சாமியார் முந்தின ராத்திரியே காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறிப்பு எழுதி வைப்பார். பூசை முடிந்து வெளியே வந்தால் படிக்கட்டில் நாலைந்து பேர் நிற்பார்கள். ஒருத்தருக்கு மந்திரித்த எண்ணெய் வேண்டும். ஒருத்தருக்கு மகன் குடியை விடச் செபிக்க வேண்டும். இன்னொருத்தருக்கு ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க யாரைப் பார்ப்பது என்று தெரிய வேண்டும். இதெல்லாம் முடிந்து உள்ளே போகும்போது இட்லி ஆறிப்போயிருக்கும்.

ஒன்பது மணிக்கு மேல் அவர் பள்ளிக்கூடத்து ஆள். பங்குப் பள்ளி இருக்கும் ஊர்களில் பெரும்பாலும் பங்குத்தந்தைதான் தாளாளர். ஆசிரியர் விடுப்பு, ஓடு உடைந்த கழிப்பறை, 2024-ல் ஊரக அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்த காலை உணவுத் திட்டம், எந்நேரமும் வரக்கூடிய ஆய்வு என்று அரைநாள் ஓடிவிடும். கருமாத்தூரிலோ திருச்சியிலோ குருமடத்தில் தத்துவமும் இறையியலும் வருடக்கணக்காகப் படித்துவிட்டு வந்தவர், செப்டிக் டேங்க் லாரிக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். மூவரில் வயதில் பெரிய சாமியார் அதில் கில்லாடி. இளையவருக்கு அது வரவே இல்லை. கேட்ட காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். அப்புறம் பங்குப் பேரவையில் தச்சு வேலை பார்க்கும் ஒருவர் இந்த மாதிரிப் பேரங்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். சாமியாருக்கு ஒரு காலைப்பொழுது மிச்சமானது. அந்த நேரத்தில் அவர் நோயாளிகளைப் பார்க்கப் போனார். பங்குக்கு உதவி செய்ய நினைக்கிறவர்கள் இப்படி ஒரு வேலையை முழுசாக வாங்கிக்கொள்வது நல்லது. "ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க சாமி" என்று சொல்லிவிட்டுப் போவதால் அவருக்கு ஒன்றும் குறையாது.

ஞாயிறுதான் மலைப்பான நாள். பெரிய கோவிலைத் தவிர எங்களுக்குக் கிளைக்கிராமங்கள் இருக்கின்றன. ஒரு குரு சாதாரணமாக ஒரு நாளைக்கு ஒரு பூசைதான் வைக்கலாம். குரு பற்றாக்குறை இருக்கும் இடத்தில் மறைமாவட்டத் தலைவரான ஆயர் அனுமதித்தால் ஞாயிறும், கட்டாயம் பூசை காண வேண்டிய கடன் திருநாளும் மூன்று வரை போகலாம். அதற்கு மேல் திருச்சபைச் சட்டம் இடம் தராது. அதனால்தான் கிராமங்களுக்கு முறை வைத்துப் போகிறார். "போன வாரம் அவுக ஊருக்குப் போனீக, எங்க ஊரு என்ன இளப்பமா?" என்று கோபப்படுகிறவர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். வாரா வாரம் பூசை இல்லாத கிராமத்தில் உபதேசியாரோ சிஸ்டரோ இறைவார்த்தை வழிபாடு நடத்தி நன்மை (நற்கருணை) கொடுக்க முடியும். எங்கள் கிளைக்கிராமம் ஒன்றில் அப்படித்தான் நடக்கிறது. ஆரம்பத்தில் முணுமுணுத்தவர்கள் இப்போது தாங்களே வாசகம் வாசிக்கப் போட்டி போடுகிறார்கள்.

கிராமத்துக்குக் கிளம்பும் பை ஒன்று தயாராகத் தொங்கும். அதில் சின்னக் காசா (பூசைக் கிண்ணம்), அப்பம் போட்ட டப்பா, பூசை ரசம் குப்பியில் கொஞ்சம், பூசை உடுப்புகளான ஆல்ப், ஸ்டோல், வாசகப் புத்தகம், மெழுகுதிரி, தீப்பெட்டி எல்லாம் இருக்கும். தீப்பெட்டியை மறந்துவிட்டால் அந்தக் கிராமத்துச் சிற்றாலயத்தில் யாரிடமும் இருக்காது. பக்கத்து வீட்டு அடுப்பிலிருந்து கொள்ளிக்கட்டைதான் வரும். முதல் பூசை முடிந்து இரண்டாவது ஊருக்குப் போகும் வழியில் காப்பி குடிக்கலாமா என்று சிலர் சந்தேகப்படுவார்கள். நன்மை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் எதுவும் சாப்பிடக் கூடாது என்பது பொது விதி. ஆனால் ஒரே நாளில் இரண்டு மூன்று பூசை வைக்கும் குருவுக்கு அடுத்த பூசைக்கு முன் ஏதாவது சாப்பிட அந்தச் சட்டமே விலக்குத் தருகிறது. ஆகவே தாராளமாகக் கொடுங்கள். ஒரு வீட்டில் போதும். ஏழு வீட்டிலும் காப்பி குடிக்கவில்லை என்று வருத்தப்பட்டால் அவர் வயிறு என்ன ஆகும்?

பூசைக்கருத்து எழுத வருகிறவர்களால் என் மேசையில் ரொம்பச் சண்டை நடக்கும். "ஞாயித்துக்கிழமை பெரிய பூசையில எங்கப்பா பேரை வாசிக்கணும்" என்பார்கள். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பூசையைப் பங்குத்தந்தை எந்தக் காணிக்கையும் வாங்காமல் பங்கு மக்கள் எல்லாருக்காகவும் ஒப்புக்கொடுக்க வேண்டும் என்பது அவர் கடமை. எங்கள் பங்கில் பெரிய பூசைதான் அது. மன்றாட்டில் பெயரைச் சொல்லிச் செபிப்பார், தனிக் கருத்தாக வைக்க முடியாது. வார நாளில் கேட்டால் தாராளமாகக் கிடைக்கும். ஒரு நாளில் எத்தனை பூசை வைத்தாலும் ஒரு பூசையின் காணிக்கையைத்தான் குரு தனக்கென்று எடுத்துக்கொள்ளலாம். மற்றது மறைமாவட்டம் சொல்லும் காரியத்துக்குப் போகும். (கிறிஸ்து பிறப்பு நாள் மட்டும் விலக்கு.) "நாலு பூசை வச்சா நாலு வருமானம்" என்று டீக்கடையில் கணக்குப் போடுகிறவர்களுக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். காணிக்கை கொடுக்க முடியாத ஏழைக்கும் பூசை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு திரும்பிப் போன பாட்டிகளை எனக்குத் தெரியும். ஆண்டு நினைவு என்றால் ஒரு மாதம் முன்னால் வந்து நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள். முந்தின நாள் ராத்திரி போன் போட்டு, அந்தத் தேதி வேறு வீட்டுக்குப் போய்விட்டது என்று தெரிந்ததும் சாமியார் மேல் கோபப்படுவதில் அர்த்தமில்லை.

ஏடுகளைப் பற்றிச் சொல்ல எனக்கு ஆசை அதிகம், வங்கிக்காரன் புத்தி. ஞானஸ்நானம், திருமணம், மரணம் மூன்றுக்கும் ஏடு வைப்பது பங்குத்தந்தையின் சட்டக் கடமை. இதில் ஞானஸ்நான ஏடுதான் தாய். ஒருவர் எங்கே போய்க் கல்யாணம் கட்டினாலும் அந்தச் செய்தி அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு வந்து, அவர் பெயர் இருக்கும் வரியின் ஓரத்தில் ஏற வேண்டும். உறுதிபூசுதலும் அங்கேதான் ஏறும். இதனால்தான் கல்யாணத்துக்குப் பழைய சான்றிதழை ஏற்பதில்லை. சின்ன வயசில் லேமினேட் செய்து வைத்த தாளைக் கொண்டுவந்து, "ஒரிஜினலே இருக்கு சாமி" என்பார்கள். அது ஒரிஜினல்தான். ஆனால் அதற்கப்புறம் அவருக்குக் கல்யாணம் ஆனதா ஆகவில்லையா என்று அந்தத் தாள் சொல்லாது. ஆறு மாதத்துக்குள் எடுத்த புதுச் சான்றிதழ்தான் கேட்பார்கள். மாப்பிள்ளை ஞானஸ்நானம் பெற்றது மணப்பாறையில், வளர்ந்தது திருப்பூரில் என்றால் மணப்பாறைப் பங்குக்குத்தான் போக வேண்டும். முதலில் போன் செய்து, பெயர், அப்பா அம்மா பெயர், பிறந்த தேதி, ஏறக்குறைய எந்த வருடம் ஞானஸ்நானம் என்று சொல்லிவிட்டுப் போனால் ஒரே நடையில் வேலை முடியும்.

பெயர் விஷயத்தில் இன்னொரு தலைவலி உண்டு. ஏட்டில் சவரிமுத்து, பள்ளிச் சான்றிதழில் சேவியர், ஆதாரில் எஸ். சேவியர் முத்து. "அந்த ஏட்டுல கொஞ்சம் மாத்திக் குடுங்க சாமி, பாஸ்போர்ட்டுக்கு அவசரம்" என்று வருவார்கள். ஏட்டை அப்படி இஷ்டத்துக்குத் திருத்த முடியாது. வெள்ளை மை தடவினால் அந்த ஏடே செல்லாக்காசு. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போதே பிறப்புச் சான்றிதழ் நகலைக் கொண்டுவந்து எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துவிடுங்கள். ஞானத்தாய் தந்தை விஷயத்திலும் அவசரப்படாதீர்கள். ஒருவர் இருந்தால் போதும், கூடுதலாக வைத்தால் ஆண் ஒன்று பெண் ஒன்று. கத்தோலிக்கராகவும் உறுதிபூசுதல் பெற்றவராகவும் பொதுவாகப் பதினாறு வயது நிறைந்தவராகவும் இருக்க வேண்டும். சிங்கப்பூர் நண்பனை ஞானத்தந்தையாக நிற்க வைக்க டிக்கெட் போட்டுவிட்டு, அவன் பெந்தெகோஸ்து சபை என்று ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் சொன்ன வீடும் உண்டு. அவர் சாட்சியாக நிற்கலாம் என்று சாமியார் வழி கண்டுபிடித்தார். கூடவே உள்ளூர் மாமா ஒருவரை நிறுத்தி வைத்தோம்.

சில தாய்மார்கள் சான்றிதழே வேண்டாம் என்று தயங்குவார்கள். பட்டியல் இனத்தவர் கிறிஸ்தவரானால் அந்தப் பட்டியலுக்குரிய உரிமை போய்விடும். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை அப்படி. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் வரிசைக்கு வந்துவிடுவார்கள். பிள்ளையின் படிப்பும் வேலையும் இதில் தொங்குகிறது. இந்தப் பேச்சு வரும்போது சாமியார் பிரசங்கம் பண்ணிப் பார்த்ததில்லை. கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருப்பார்.

கல்யாணத்துக்கு வருவோம். மண்டபத்தையும் கேட்டரிங்கையும் புக் பண்ணிவிட்டுக் கடைசியாகக் கோவிலுக்கு வருகிறவர்கள்தான் அதிகம். எங்கள் அலுவலகத்தில் முதல் கேள்வி தேதி பற்றியதாக இருக்காது. இருவரும் திருமணத் தயாரிப்பு வகுப்புக்குப் போனார்களா என்று கேட்போம். மூன்று ஞாயிறு கோவிலில் கல்யாண அறிவிப்பான ஓலை வாசிக்க வேண்டும், மற்ற பங்கிலிருந்து தடையில்லாக் கடிதம் வர வேண்டும். ஒருவர் இந்துவாகவோ வேறு சபையாகவோ இருந்தால் மறைமாவட்ட அலுவலகத்திலிருந்து அனுமதி வர வேண்டும், அதற்குத் தனியாக நாள் பிடிக்கும். தவக்காலத்தில் எங்கள் பக்கம் கல்யாணம் வைப்பதில்லை. ஆகவே மூன்று மாதம் முன்னால் சாமியாரைப் பாருங்கள், மண்டபம் அப்புறம்.

பையனையும் பெண்ணையும் பங்குத்தந்தை தனித்தனியாக உட்கார வைத்துச் சில கேள்வி கேட்பார். சொந்த விருப்பத்தோடுதான் சம்மதிக்கிறாயா, யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்பது அதில் முக்கியம். ஒரு தடவை பெண்ணின் தாய்மாமா கூடவே உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மாமா, நீங்க வெளியில இருங்க, சார் காப்பி வாங்கித் தருவாக" என்றார் சாமி.

"எனக்குத் தெரியாம எங்க வீட்டுப் பிள்ளைட்ட என்ன சாமி கேக்கப் போறீக?"

"உங்களுக்குத் தெரியாமதான் மாமா கேக்கணும்."

அவர் எழுந்து வந்து எனக்கு எதிரே உட்கார்ந்து, காப்பியைத் தொடாமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கல்யாணம் நடந்தது, நல்லபடியாகவே நடந்தது. ஆனால் உள்ளே "இல்லை" என்று ஒரு பெண் சொல்லி, அதைச் சாமியார் தன் தலையில் போட்டுக்கொண்டு, "பேப்பர் சரியில்லை, இப்ப முடியாது" என்று இரு வீட்டாரிடமும் திட்டு வாங்கியதும் உண்டு. எந்த வருடம், எந்த வீடு என்று சொல்ல மாட்டேன். பெற்றோருக்கு ஒரு வார்த்தை: அந்தப் பத்து நிமிடம் வாசலில் நின்று எட்டிப் பார்க்காதீர்கள். கோவில் சான்றிதழ் கையில் வந்ததும் அரசாங்கப் பதிவையும் முடித்துவிடுங்கள். 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் எல்லா மதத்துக்கும் பொது. விசாவுக்கு அலையும்போது தேடுவதைவிட அந்தச் சூட்டோடு சார்பதிவாளர் அலுவலகம் போவது மேல்.

நோயாளி விஷயத்தில்தான் எங்கள் ஆட்கள் ரொம்பத் தாமதம் செய்கிறார்கள். நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் அருட்சாதனத்துக்கு 'அவஸ்தை' என்று பழைய பெயர் ஒட்டிக்கொண்டதால், சாமியார் எண்ணெயோடு வந்தால் ஆள் போய்விடுவார் என்று பயம். "சாமி வந்தா அப்பா பயந்துக்குவாக" என்று மூச்சு இழுக்கும்வரை காத்திருப்பார்கள். நோயாலோ முதுமையாலோ ஆபத்து தொடங்கும்போதே பூசலாம், நிலைமை மோசமானால் மறுபடியும் பூசலாம். நினைவு இருக்கும்போது கூப்பிட்டால் அவர் பாவசங்கீர்த்தனம் செய்வார், நன்மை வாங்குவார், சாமியாரோடு நாலு வார்த்தை பேசுவார். பெரிய ஆபரேஷனுக்கு மதுரைக்குக் கிளம்பும் முன்பே வந்து பூசிக்கொள்கிறவர்கள் இப்போது கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். ஒரு மேசையில் வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம், மெழுகுதிரி, ஒரு டம்ளர் தண்ணீர், ஸ்பூன் வைத்திருங்கள். விழுங்க முடியுமா என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அப்பத்தில் துளியளவு கிள்ளித் தண்ணீரோடு கொடுப்பார். டிவியை அணையுங்கள். ராத்திரி என்றால் ஒரு ஆளை டார்ச்சோடு ரோட்டு முக்கில் நிறுத்துங்கள். கூகுள் மேப்பை நம்பிக் கிளம்பினால் அது சீமைக்கருவேலத்துக்குள் புகுந்து கண்மாய்க் கரையில் கொண்டுபோய் விடும். அரை மணி நேரம் இருட்டில் சுற்றிவிட்டு வந்து சேர்வதற்குள் வீட்டில் அழுகை கேட்டிருக்கிறது.

திருவிழா வந்தால் சாமியாருக்குத் தூக்கம் போய்விடும். கொடியேற்றம், நவநாள், ஒவ்வொரு நாளும் ஒரு பிரசங்கக்காரர், அசனச் சோறு என்று வெளியில் எல்லாம் கோலாகலமாகத் தெரியும். உள்ளே ஒரே ஒரு கேள்விதான் கனன்றுகொண்டிருக்கும்: தேர் எந்தத் தெருவுக்குள் போகும், எந்தத் தெருவுக்குள் போகாது? சாதி முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. வேதத்தில் (கிறிஸ்தவத்தில்) வந்து தலைமுறைகள் ஆகியும் இது போகவில்லை என்பதை மறைத்து என்ன பயன்? நான் பார்த்த மூவரில் பெரியவர் பேச்சுவார்த்தையில் நம்பிக்கை உள்ளவர், இரண்டு மாதம் முன்னதாகவே தெருத் தெருவாகப் போய் உட்காருவார். இளையவர், "எல்லாத் தெருவுக்கும் போகும், இல்லேன்னா தேரே கிளம்பாது" என்று ஒரே வார்த்தையில் சொன்னார். அந்த வருடம் தேர் கிளம்பவில்லை, நற்கருணைப் பவனி மட்டும் நடந்தது. எனக்கு இளையவர் செய்தது சரியென்று தோன்றுகிறது. பேரவையில் பாதிப் பேர் இன்னும் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள்.

பணத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம், விருப்பம் அல்ல. எங்கள் இடத்தில் ஞாயிறு காணிக்கையை இரண்டு பேர் எண்ணி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, திங்களன்று வங்கியில் கட்டிவிடுவோம். திருவிழாக் கணக்கைப் பூசை முடிந்ததும் வாசித்து, நோட்டீஸ் பலகையிலும் ஒட்டுவோம். சாமியாரின் சட்டைப் பையில் ஐந்நூறு ரூபாயைத் திணித்து, "கோவிலுக்கு வச்சுக்கங்க சாமி" என்பது அன்புதான். ஆனால் அது அவரை மாட்டிவிடும் அன்பு. ரசீது கேளுங்கள். அவருக்கென்று கொடுப்பதாக இருந்தால், "இது உங்களுக்கு" என்று தெளிவாகச் சொல்லுங்கள். மறைமாவட்டக் குருக்கள் ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்தவர்கள் இல்லை. துறவற சபைக் குருக்கள்தான் அதை எடுப்பார்கள். மறைமாவட்டக் குரு ஆயருக்குக் கீழ்ப்படிதலையும் மணத்துறவையும் வாக்களிக்கிறார். சொந்தமாக ஒரு வண்டி வைத்திருந்தாலோ, தங்கச்சி கல்யாணத்துக்குப் பணம் அனுப்பினாலோ அது குற்றமில்லை. மாதப்படி எவ்வளவு சின்னது என்று தெரிந்தால் வண்டியைப் பற்றிப் பேசுகிறவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

எங்கள் கோவிலுக்கு வருகிறவர்களில் கத்தோலிக்கர் மட்டும் இல்லை. செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாளுக்கு வருகிற கூட்டத்தில் நெற்றியில் குங்குமம் வைத்தவர்கள் நிறைய. பக்கத்து ஊர்ப் பெரிய வீட்டு ஆச்சி ஒருவர், பேரன் ராத்திரி வீறிட்டு அழுகிறான் என்று கூட்டிக்கொண்டு வந்து, "தலையில கை வச்சு மந்திரிச்சு விடுங்க சாமி" என்றார். கிறிஸ்து பிறப்புக்கு எங்கள் வீட்டிலிருந்து கேக் போனால், அவர்கள் வீட்டிலிருந்து கந்தரப்பமும் மனகோலமும் வரும். புது லாரி, புது அரிசி ஆலை, புதுக் கடை என்று எல்லாவற்றுக்கும் ஐயரையும் கூப்பிடுவார்கள், எங்கள் சாமியாரையும் கூப்பிடுவார்கள். முகப்பில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, இலை போட்டுப் பரிமாறாமல் அனுப்ப மாட்டார்கள். வேதத்துக்காரர் வீட்டில்கூட இந்த மரியாதை சில நேரம் கிடைப்பதில்லை என்று இளைய சாமியார் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பு பாதிதான்.

ராத்திரிச் சாப்பாட்டைச் சமையற்கார அம்மா ஏழு மணிக்கு ஹாட் பாக்ஸில் வைத்துவிட்டுப் போய்விடுவார். தெருவாரியாகக் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டம் முடிந்து சாமியார் வரும்போது ஒன்பதரை. சப்பாத்தி வியர்த்துப் போய்ப் பிசுபிசுவென்று இருக்கும். பெரிய வீடு, ஒற்றை ஆள், எதிரே டிவி. திங்கட்கிழமை மத்தியானம் மட்டும் பக்கத்துப் பங்குச் சாமியார்கள் இரண்டு மூன்று பேர் யாராவது ஒருவர் வீட்டில் சேர்ந்து சாப்பிட்டுச் சீட்டாடுவார்கள் அல்லது தூங்குவார்கள். அந்த நேரத்தில் போன் எடுக்கவில்லை என்று ஆயர் இல்லத்துக்குப் புகார் எழுதிய ஆளையும் எனக்குத் தெரியும். சாவு, நோய், விபத்து தவிர வேறு எதற்கும் திங்கள் மத்தியானம் அழைப்பதில்லை என்று நாங்களே அலுவலக வாசலில் எழுதிப் போட்டுவிட்டோம். ஆகஸ்ட் 4-ம் தேதி, பங்குக் குருக்களின் பாதுகாவலர் மரிய வியான்னி திருநாளில், பொன்னாடை போர்த்தியே ஆளை மூடிவிடுவார்கள். பெரியவர் பீரோ நிறையச் சேர்த்து வைத்து, மார்கழிக் குளிரில் முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிடுவார். பொன்னாடைக்குப் பதிலாக ஒரு ராத்திரி சூடாக நாலு தோசை கொண்டுபோய்க் கொடுத்து, கூட உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள். கோவில் விஷயம் எதுவும் பேச வேண்டாம். கிரிக்கெட் பேசுங்கள்.

மே மாதம் வந்தால் மாற்றல் பட்டியல் பற்றிய வதந்தி கிளம்பும். ஐந்தாறு வருடம் இருந்தால் அடுத்த ஊர். எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடப் பழகி, எந்த வீட்டில் எந்தப் பிள்ளை படிக்கவில்லை என்று தெரிந்துகொண்ட நேரத்தில் பெட்டியைக் கட்ட வேண்டும். பிடித்தவர் போகிறார் என்று வேன் பிடித்து ஆயர் இல்லத்துக்கு மனுவோடு போகாதீர்கள். அது வருகிறவருக்குத்தான் சங்கடம். பெரியவர் கிளம்பும்போது இரண்டு சூட்கேஸ், ஐந்து பெட்டிப் புத்தகம், ஒரு கிளிக்கூண்டு, அவ்வளவுதான் சாமான். கிளியை எங்கள் தெருப் பையன் வாங்கிக்கொண்டான்.

புதுச் சாமியார் வரும்போது ஏடு, சாவி, பாத்திரப் பண்டங்களின் பட்டியல் எல்லாவற்றையும் கையெழுத்துப் போட்டு மாற்றிக்கொள்வார்கள். அதோடு நான் தனியாக ஒரு தாள் எழுதிக் கொடுப்பது வழக்கம். படுக்கையில் இருக்கும் நோயாளிகள் யார், எந்தத் தெரு, யாருக்கு மாதா மாதம் நன்மை கொண்டுபோக வேண்டும், எந்தக் கிளைக்கிராமத்துக்கு எந்த வழி மழையில் முழுகும், கரண்ட் போனால் யாரைக் கூப்பிடுவது, கோவில் கிணற்று மோட்டாரை எப்படிப் போடுவது என்று அதில் இருக்கும். யாருக்கு யாரோடு ஆகாது என்பதை மட்டும் எழுத மாட்டேன். அதை அவரே முதல் வாரத்தில் கேட்டுவிடுவார், ஆளாளுக்கு வந்து சொல்லிவிடுவார்கள். உங்கள் பங்கிலும் இப்படி ஒரு தாள் போட்டுப் பாருங்கள். அப்புறம், பங்கு வாட்ஸ்அப் குழுவில் அவர் எண்ணைச் சேர்ப்பதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.